ஆட்கொல்லிப் புலிகளும் ஜிம் கார்பெட்டும்

நம் சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலவரையாய்த் தோன்றும். புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் அப்பால் விரியும் அம்மலைக் காடுகள் வனவிலங்குகளின் உறைவிடம். மனிதனைக் கொல்லும் விலங்கை மனிதன் கொல்லலாமா என்னும் வினா அடிவாரத்துத் தோட்டங்களில் இரவுக்காவல் இருப்போர்க்கு வெறும் ஏட்டு வினா ஆகாது. அவ்வினாவுக்குத் துப்பாக்கியைத் தோளில் ஏந்தியபடியே விடை தேடியவர் ஜிம் கார்பெட்.

இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலில் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சலக அதிகாரி. மகனுக்கு ஆறு வயது நிறையுமுன் மறைந்தார். பெரிய குடும்பம், சிறிய வருவாய். குளிர்காலத்தில் குடும்பம் காலாடுங்கிக்கு இறங்கிவிடும். அங்குள்ள காடே சிறுவனுக்குப் பள்ளி. பறவைகளின் குரலையும் விலங்குகளின் அடிச்சுவட்டையும் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் அவர் கற்றார். பின்னர் இரயில்வேயில் பணியேற்று, கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். வேட்டை அவருக்குப் பிழைப்பாக இருந்ததே இல்லை.

1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொல்லுமாறு அரசு அவரை வேண்டியது. நேபாளத்தில் இருநூறு பேரைக் கொன்றபின் விரட்டப்பட்டுக் குமாவுனுக்குள் வந்த புலி அது. அதன் பலிக்கணக்கு 436 என்பர். மக்கள் பட்டப்பகலிலும் கதவைத் திறக்க அஞ்சினர். வயல்கள் அறுவடையின்றிக் கிடந்தன. கார்பெட் இரு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசை அரசு நீக்கவேண்டும். பிற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்கவேண்டும். பணத்துக்காகக் கொன்றவர் என்ற பெயர் தமக்கு வரலாகாது என்று அவர் கருதினார்.

புலியைச் சுட்டு வீழ்த்தியபின் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. யாரோ ஒருவர் என்றோ சுட்ட குண்டின் வேலை அது! இயல்பான இரையைப் பற்ற இயலாமற் போனதால் அது மனிதனைத் தேடியது. முக்தேசர் புலியோ முள்ளம்பன்றியோடு பொருது ஒரு கண்ணை இழந்து, காலில் ஏறிய முட்களால் முடமாகி, இருபத்துநான்கு பேரைக் கொன்றது. மனிதன் புலிக்கு இயற்கை உணவல்லன், காயமோ முதுமையோதான் அதை அவ்வாறு ஆக்குகிறது என்பது கார்பெட்டின் முடிவு.

சிறுத்தைக்கு அவர் வேறு காரணம் கண்டார். 1918இன் விஷக்காய்ச்சலில் மலைமக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டபோது, எரிக்க வழியின்றிப் பிணங்களைப் பள்ளத்தாக்கில் தள்ளினர். அவ்வூனைச் சுவைத்த சிறுத்தைகளுள் ஒன்றே ருத்ரபிரயாகைச் சிறுத்தை. கேதார, பதரி யாத்திரை வழியில் எட்டாண்டுகளில் 125 பேரைக் கொன்றது. அதற்கு நஞ்சு வைத்தனர், பொறி வைத்தனர், பயனில்லை. 1926 மே மாதத்தில் கோலாப்ராய் யாத்ரீகர் சத்திரத்தருகே ஒரு மாமரத்தில் பல இரவுகள் காத்திருந்து கார்பெட் அதனைச் சுட்டார்.

இவரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாறாகாது. சௌகர் பெண்புலியைத் தேடுகையில், உடனிருந்த வளர்ந்த குட்டியைத் தாயென எண்ணிச் சுட்டார். தப்பிய தாய் அடுத்த ஓராண்டில் மேலும் பல உயிர்களைக் குடித்தது, 1930இல்தான் வீழ்ந்தது. அதே ஆண்டில், ஒருவரையும் கொல்லாத பவல்கர் ஆண்புலியை அதன் பேருருவுக்காகவே சுட்டார். இச்செயலுக்கு அறத்தின் பெயரால் எந்தச் சமாதானமும் கூற இயலாது. ஆயினும் துப்பாக்கி ஏந்திய கை, நாளடைவில் திரைப்படக் கருவியை ஏந்தியது. புலியைப் படம் பிடிப்பதில் இரவு பகலாக முனைந்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லியின் பெயரில் அமையத் துணைநின்றார். அவர் மறைவுக்குப்பின் அது கார்பெட் பூங்காவாயிற்று. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

இன்று தனியொருவர் புலியைக் கொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உயிருக்கு ஆபத்தான புலியைப் பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் கொண்டுசெல்லவோ இயலாது என்று தெளிந்தபின்பே தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் ஆணையிடலாம். நீலகிரியில் 2014 ஜனவரியில் தொட்டபெட்டாப் பகுதியில் மூவரைக் கொன்ற புலி சுடப்பட்டது. 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் திரிந்த டி-23 என்னும் புலிக்கும் வேட்டை ஆணை பிறந்தது. கொல்ல வேண்டாமென உயர்நீதிமன்றம் அறிவுறுத்த, அக்டோபர் 15ஆம் நாள் அது மயக்க ஊசியால் உயிருடன் பிடிபட்டது. உறவை இழந்த வீட்டார்க்கு அது நியாயமாகப் பட்டிருக்குமா என்பது வேறு. மயக்க ஊசி கைவசமில்லாத காலத்துக் கார்பெட்டுக்கு அந்த இரண்டாம் வழி இருக்கவில்லை.

1947இல் தமக்கை மேகியுடன் கென்யா சென்ற கார்பெட், 1955 ஏப்ரல் 19இல் நியேரியில் காலமானார். போகுமுன் காலாடுங்கியை அடுத்த சோட்டி ஹல்த்வானியில் தமக்கிருந்த நிலத்தை உழுதவர்களுக்கே விட்டுச் சென்றார். அவ்வூர்ப் பயிரை விலங்குகள் அழிக்காதிருக்க ஊரைச் சுற்றி அவர் எழுப்பிய கற்சுவரின் பகுதிகள் இன்னும் நிற்கின்றன.