பக்தாதிலிருந்து வந்த துணி வணிகர்: டேவிட் சாசூன்

தறியோசையும் கடல் கடந்த பயணமும் நம் தென்காசிச் சீமைக்குப் புதியன அல்ல. குற்றாலச் சாரல் எட்டும் தொலைவிலுள்ள கடையநல்லூரில் நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வாழ்வு தேடிய வரலாற்றை நம் பெரியோர் நன்கறிவர். நம்மவர் துணியின் ஊரிலிருந்து கடல் கடந்தது போலவே, கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து துணியால் உயர்ந்தவரும் உளர். அவர்களுள் தலையாயவர் பம்பாயில் வாழ்ந்த யூத வணிகர் டேவிட் சாசூன். அவர் வாழ்வில் போற்றுதற்குரியனவும் உள. எண்ணி வருந்துதற்குரியனவும் உள. இரண்டையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாசூன் 1792ஆம் ஆண்டு பக்தாது நகரில் பிறந்தார். அக்காலத்தே அந்நகர் உதுமானியப் பேரரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தந்தை சாலிஹ் சாசூன், பக்தாதை ஆண்ட பாஷாக்களிடம் பல்லாண்டுகள் தலைமைப் பொருளாளராக விளங்கியவர். யூதச் சமுதாயத்தின் தலைவராகவும் மதிக்கப்பெற்றவர். முஸ்லிம் ஆட்சியாளரின் கருவூலத் திறவுகோல் ஒரு யூதரின் கையில் இருந்தது என்பது, இரு சமயத்தாரும் அம்மண்ணில் எத்துணை நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

ஆயின், ஆட்சியாளர் மாறக் காலமும் மாறியது. தாவூது பாஷாவின் ஆட்சியில் செல்வந்தரான யூதர்கள் பணப்பறிப்புக்கும் அச்சுறுத்தலுக்கும் ஆளாயினர். அதிகாரத்தின் பேராசைக்குச் சமயம் ஒரு சாக்கே அன்றிக் காரணம் ஆகாது. உயிருக்கு அஞ்சிய டேவிட், பாரசீக வளைகுடாக் கரையிலுள்ள புஷஹர் துறைமுகத்தை அடைந்தார். முதுமையுற்ற தந்தையும் அங்கு வந்து சேர்ந்து, 1830ஆம் ஆண்டளவில் பிறந்த மண்ணைக் காணாமலே மறைந்தார்.

1832ஆம் ஆண்டளவில் டேவிட் குடும்பத்துடன் பம்பாய் வந்து குடியேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தனியுரிமை ஒவ்வொன்றாக நீங்கிக்கொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தின் ஆலைத் துணிகளை வாங்கி வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவதும், அந்நாடுகளின் சரக்குகளைப் பம்பாய்க்கு வருவிப்பதும் அவர் முதலில் மேற்கொண்ட தொழில்களாகும். அரபு, பாரசீகம், துருக்கி, எபிரேயம் ஆகிய மொழிகளை அறிந்திருந்தமை அவருக்குப் பெருந்துணையாயிற்று. வளைகுடாவிலிருந்து வந்த வணிகரோடு அவரவர் மொழியிலேயே பேசி விலை முடிக்க அவரால் இயன்றது. மொழியறிவும் ஒரு முதலீடே என்பதைத் தமிழ் பயிலும் நம் மாணவர் ஈண்டு உளங்கொள்ளல் தகும்.

அவருடைய நிறுவனத்தின் உட்கடிதங்கள் பக்தாது அரபு மொழியில், எபிரேய எழுத்துகளில் எழுதப்பட்டன. 1853ஆம் ஆண்டு பிரித்தானியக் குடியுரிமை பெற்றபோதும் அவர் எபிரேய எழுத்திலேயே கையொப்பமிட்டார். தலைப்பாகையும் நீண்ட அங்கியுமான பக்தாது உடையை இறுதிவரை அவர் கைவிடவில்லை. புலம்பெயர்ந்தவர் புதிய மண்ணில் வேர்கொள்வதற்குப் பழைய அடையாளத்தை அழித்துக்கொள்ள வேண்டுவதில்லை என்பதற்கு இவ்வாழ்வு எடுத்துக்காட்டாகும்.

அவருக்கு ஆண்மக்கள் எண்மர். அவர்களைப் பல துறைமுகங்களுக்கு அனுப்பி, குடும்பத்தையே ஒரு வணிக வலையாக அவர் விரித்தார். மகன் இலியாஸ் 1844இல் சீனம் சென்றார். மற்றொரு மகன் 1858இல் இலண்டனில் கிளை தொடங்கினார். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தபோது, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பருத்தி கிட்டாது போயிற்று. இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. தூத்துக்குடி வழியே ஏற்றுமதியான நம் திருநெல்வேலிப் பருத்திக்கும் அவ்விலையேற்றம் கிட்டியது. பம்பாய் வணிகர் பலர் அக்காலத்தே பெருஞ்செல்வம் ஈட்டினர். சாசூன் குடும்பத்தாரும் அவர்களுள் அடங்குவர்.

ஆனால் துணியும் பருத்தியும் மட்டுமே அக்குடும்பத்தின் செல்வத்துக்கு ஊற்று என்று எழுதின் அது வரலாறு ஆகாது. இந்தியாவில் விளைந்த அபினைச் சீனத்துக்கு அனுப்பும் வாணிகத்தில் அவர்கள் பெரும் பங்கு கொண்டனர். 1839 முதல் 1842 வரை நடந்த முதல் அபின் போரில் சீனம் தோற்றது. அதன்பின் அவ்வாணிகம் பெருகியது. டேவிட்டின் மறைவுக்குப் பின் 1870களில் அக்குடும்பமே அத்துறையில் முதன்மை பெற்றது. அன்றைய சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆங்கில அரசே அபினால் வருவாய் ஈட்டியது. பார்சி, இந்து, முஸ்லிம் வணிகரும் அதில் ஈடுபட்டனர். எனினும் சட்டம் ஒப்பியதெல்லாம் அறம் ஒப்பியது ஆகுமா? எண்ணற்ற சீனக் குடும்பங்கள் அந்நஞ்சால் சிதைந்தன என்பதை எக்கணக்கேட்டாலும் மறைத்தல் இயலாது.

ஈட்டிய பொருளை அவர் ஈகையிலும் செலவிட்டார் என்பதும் உண்மையே. பம்பாயில் இளங்குற்றவாளிகளுக்குத் தொழில் பயிற்றித் திருத்தும் பள்ளிக்கு உதவினார். பைகுல்லாவிலும் புனேயிலும் யூத வழிபாட்டு இல்லங்களை எழுப்பினார். புனேயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை 1867இல் தொடங்கப்பெற்றது. அங்கு எச்சமயத்தாரும் மருத்துவம் பெற்று வருகின்றனர். அவர் பெயரால் அமைந்த நூலகக் கட்டடம் 1870இல் பம்பாயில் நிறைவுற்றது. 1875இல் மூத்த மகன் அப்துல்லாஹ், பின்னாளில் ஆல்பர்ட் என அறியப்பட்டவர், கட்டிய கப்பல் துறை இன்று மீன்பிடித் துறைமுகமாக இயங்குகிறது. புகழ்பெற்ற நெசவாலைகளும் அவர்தம் வழித்தோன்றல்களால் பின்னர் எழுந்தன.

1864ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புனேயில் டேவிட் சாசூன் காலமானார். அங்கேயே, தாம் தொடங்கிய வழிபாட்டு இல்லத்தின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய கொள்ளுப் பேரரான சீக்ஃபிரிட் சாசூன், முதல் உலகப் போரின் கொடுமையைக் கவிதையில் வடித்து ஆங்கில இலக்கியத்தில் நிலைபெற்றார். துணி விற்றவரின் வழியில் போரை வெறுத்த கவிஞர் ஒருவர் தோன்றியது வியப்பே.

இவ்வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? அஞ்சி ஓடிவந்த ஒருவர்க்குப் பம்பாய் இடமளித்தது. அவர் அதற்கு மருத்துவமனையும் நூலகமும் தந்தார். அடைக்கலம் தருவோர் இழப்பதில்லை என்பது முதற் பாடம். பொருளைக் கொடுத்த கையை மட்டும் பாராது, அப்பொருள் வந்த வழியையும் பார்த்தல் வேண்டும் என்பது இரண்டாம் பாடம். கொடை, குற்றத்தைக் கழுவிவிடாது. குற்றமும் கொடையால் பிழைத்த நோயாளியை இல்லையெனச் செய்யாது. நாளை வணிகம் செய்யக் கடல் கடக்கவிருக்கும் நம் மாணவர், எவ்வளவு ஈட்டினோம் என்பதற்கு முன் எவ்வாறு ஈட்டினோம் என்னும் வினாவைத் தம் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வாராக.