கடைப் பையன்களுக்குக் காவலாக வந்த ஓமந்தூரார்!



சென்னை அண்ணா சாலைப் பக்கம் போனவர்கள், 'ஓமந்தூரார் அரசினர் தோட்டம்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். பெரிய அரசு மருத்துவமனை இருக்கும் இடம் அது. ஆனால், 'ஓமந்தூரார் யார்?' என்று கேட்டால், பலருக்கும் சட்டென்று பதில் வராது. அவர் எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்காரர். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய நன்மை, அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் கிடைத்தது. அது என்ன? பார்ப்போமா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது ஓமந்தூர் கிராமம். அங்கே, 1895 பிப்ரவரி 1-ம் தேதி, விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் இராமசாமி. திண்டிவனத்தில் உள்ள வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். நிலத்தை உழுது பயிர் செய்வதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். பிடித்த தொழிலும் அதுதான். பின்னாளில் எவ்வளவு பெரிய பதவிக்குப் போனபோதும், தன்னை ஒரு விவசாயி என்றே நினைத்தார்.

காந்தியடிகளின் வழியில் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார் இராமசாமி ரெட்டியார். சிறை சென்றார். அந்தக் காலத்தில் திண்டிவனம், விழுப்புரம், கடலூர் எல்லாம் சேர்ந்து 'தென்னாற்காடு' என்ற ஒரே மாவட்டமாக இருந்தன. அந்த மாவட்டத்தில் காங்கிரஸ் கட்சியை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். கதர் வேட்டி, எளிய சாப்பாடு, வள்ளலார் மீதும் ரமண மகரிஷி மீதும் பக்தி... இதுதான் அவர் வாழ்க்கை.

1947 மார்ச் 23-ம் தேதி, சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். 'பிரதமரா?' என்று வியக்காதீர்கள். இன்று முதலமைச்சர் என்று சொல்கிறோமே, அந்தப் பதவிக்கு அப்போது அதுதான் பெயர். சென்னை மாகாணமும் இன்றைய தமிழ்நாட்டை விடப் பெரியது. கடலோர ஆந்திரம், ராயலசீமா, கேரளத்தின் மலபார், கர்நாடகத்தின் தென் கன்னடம் எல்லாம் அதில் அடக்கம். இந்தியா சுதந்திரம் பெற்ற நாளில், இவ்வளவு பெரிய மாகாணத்தை ஆண்டவர், ஓமந்தூர் விவசாயி!

இரண்டே ஆண்டுகள்தான் பதவியில் இருந்தார். அதற்குள் எத்தனை வேலைகள்! ஒடுக்கப்பட்ட மக்கள் கோவிலுக்குள் செல்ல வழி செய்த சட்டம், பெண்களைத் தேவதாசி ஆக்குவதைத் தடுத்த சட்டம், ஜமீன்தாரி முறையை ஒழித்த சட்டம்... எல்லாம் அவர் ஆட்சியில் வந்தவை. 1949-ல் பாரதியாரின் பாடல்களை அரசுடைமை ஆக்கியதும் அவர் அரசுதான்.

இந்தப் பட்டியலில், பலரும் மறந்துபோன சட்டம் ஒன்று உண்டு. அதுதான், 1947-ம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? 1881-லேயே வெள்ளையர் அரசு ஒரு தொழிற்சாலைச் சட்டம் கொண்டு வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அப்படியானால், எட்டு வயதுக் குழந்தையை வைக்கலாம்! பிறகு வந்த சட்டங்கள் வயதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தின. ஆனால், அவையெல்லாம் ஆலைகளுக்கு மட்டுமே. மளிகைக் கடையில் மூட்டை தூக்கும் பையனும், ஓட்டலில் டேபிள் துடைக்கும் பையனும் அந்தக் கணக்கில் வரவில்லை. விடியற்காலை அடுப்பு மூட்டும் போது எழுந்து, இரவு கடை கழுவி முடித்த பிறகு அங்கேயே சாக்கை விரித்துப் படுக்கும் சிறுவர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர்.

புதிய சட்டம், கடைகளையும் உணவு விடுதிகளையும் சேர்த்துக் கொண்டது. 14 வயது முடியாத குழந்தையை வேலைக்கு வைக்கவே கூடாது என்றது. 14 வயது முடிந்து 17 வயது முடியாதவர்களை 'இளையோர்' என்று தனியாகப் பிரித்தது. காலை 6 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பின்போ இளையோரிடம் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளில் 7 மணி நேரம், ஒரு வாரத்தில் 42 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று எல்லை போட்டது. வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு. வேலை செய்யும் இடம் சுத்தமாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும். தீ விபத்துக்கு முன்னெச்சரிக்கை வேண்டும். இதையெல்லாம் சோதிக்க ஆய்வாளர்கள் வேண்டும் என்றும் சொன்னது.

'இரவு 7 மணிக்குப் பின் கூடாது என்பதில் அப்படி என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது ஒரு மாணவனால்தான் விளங்கியது.

நான் ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தான் ஒரு மாணவன். வயது 15. வீட்டில் கஷ்டம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில் வேலைக்குப் போனான். காலையில் இருந்து நின்றபடியே வேலை. ராத்திரி பஸ்கள் வந்து நின்றால் கூட்டம் அலைமோதும். ஒரு நாள் இரவு 11 மணிக்கு, கொதிக்கும் சாம்பார்க் குண்டானைத் தனி ஆளாகத் தூக்கினான். தரையில் தண்ணீர் சிந்தியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. கால் வழுக்கியது. வலது கை முழங்கை வரை வெந்து போனது.

நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தான். ஆனால், பேனா பிடிக்க முடியாத கையோடு எப்படிப் பள்ளிக்கு வருவான்? ஒரு வருடம் வீணானது.

அவன் கவனக்குறைவானவன் அல்ல, குழந்தைகளே! வகுப்பில் படு சுட்டி. காலையில் அந்தத் தண்ணீரைப் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பான், இல்லை, துடைத்திருப்பான். இரவு 11 மணிக்கு அவன் கண் திறந்திருந்தது, மூளை களைத்துவிட்டது. சமையல் கட்டில் நெருப்பு, கொதிக்கும் எண்ணெய், கத்தி, கிரைண்டர் எல்லாம் அருகருகே இருக்கின்றன. களைப்பும் அவசரமும் அங்கே வந்தால், ஆபத்து கூடவே வந்துவிடும். 'பார்த்துப் போடா' என்று சொல்வது மட்டும் போதாது. களைக்கும் முன்பே பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பழைய சட்டம் போட்ட 7 மணி எல்லையின் பொருள், எனக்கு அன்றுதான் புரிந்தது.

மீண்டும் ஓமந்தூராரிடம் வருவோம். சிபாரிசுக்கு வளையாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். கட்சிக்குள் அவருக்கு எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் பதவியை விட்டு விலகினார். பிறகு, வள்ளலார் அணையா அடுப்பு மூட்டி, பசித்தவர்க்கு உணவு அளித்த வடலூருக்குச் சென்றார். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும், படிக்கப் பள்ளியும் அமைவதற்காக உழைத்தார். மாகாணத்தை ஆண்டவர், கடைசி வரை எளியவராகவே வாழ்ந்து, 1970 ஆகஸ்ட் 25-ல் மறைந்தார். ஓமந்தூரில் அவருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது.

அவர் காலத்தில் போட்ட பாதை நீண்டது. காமராஜர் ஆட்சியில், 1958-ல், உணவு விடுதிகளுக்கு என்றே தனிச் சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 10 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஓட்டல், டீக்கடைகளில் வேலைக்கு வைப்பதை மத்திய அரசு நாடு முழுவதும் தடை செய்தது. 2016-ல் அந்தத் தடை எல்லா வேலைகளுக்கும் விரிந்தது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது என்றும் ஆனது.

சட்டம் இருந்தும் என் மாணவனின் கை வெந்ததே, ஏன்? அப்படி ஒரு சட்டம் இருப்பது அவனுக்கும் தெரியாது. அவன் அப்பாவுக்கும் தெரியாது. எனவே, நீங்கள் தெரிந்து கொள்ளுங்கள். விடுமுறையில் வேலைக்குப் போகும் அண்ணன், அக்காவிடமும் சொல்லுங்கள்.

சிந்திய தண்ணீரை உடனே துடைக்க வேண்டும். பெரிய பாத்திரத்தை இருவராகத் தூக்க வேண்டும். ஈரத் துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கக் கூடாது. சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். கிரைண்டரில் கை வைக்கும் முன், சுவிட்சை நிறுத்தி பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுட்டுவிட்டால் மை, மாவு, பற்பசை எதுவும் தடவாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, டாக்டரிடம் போக வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் ஒரு பிள்ளை ஓட்டலில் வேலை செய்வதைப் பார்த்தால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் கூறுங்கள்.

அடுத்த முறை ஓட்டலுக்குப் போகும் போது, தண்ணீர் கொண்டு வந்து வைக்கும் கை யாருடையது என்று நிமிர்ந்து பாருங்கள். அது உங்கள் வயதுக் கையாக இருக்கக் கூடாது. அந்தக் கைக்குப் பேனாதான் அழகு. சரிதானே, குழந்தைகளே?