நூற்றாண்டு கண்ட இறைநேசர்

அளவற்ற அருளாளனாகிய இறைவனின் கொடைகளுள் நீண்ட ஆயுளும் ஒன்று. ஒருவர் வாழ்ந்த ஆண்டுகளை எண்ணிச் சொல்வது எளிது; அவ்வாண்டுகளுக்குள் அடங்கிய வரலாற்றை எடுத்துரைப்பதே அரிது. பாகூர் வட்டாரத்துக் கடலோரச் சிற்றூராகிய பனித்திட்டு போன்ற ஊர்களில் மூத்தோர் தம் வயதைச் சொல்லுங்கால், பிரெஞ்சுக்காரர் ஆட்சி நீங்கிய 1954ஆம் ஆண்டுக்கு முன், பின் என்று கணக்கிடுவதுண்டு. ஓர் ஆட்சி மாற்றமே அவர்தம் வாழ்வை அளக்கும் கோலாகிறது. அப்படியாயின், பேரரசுகள் பல எழுவதையும் வீழ்வதையும் கண்ட ஒரு வாழ்வை எக்கோல் கொண்டு அளப்பது?

அத்தகைய வாழ்வு வாழ்ந்தவர் ஹழ்ரத் காஜா பந்தே நவாஸ் கேசுதராஸ் (ரஹ்) அவர்கள். கருநாடக மாநிலத்தில், முன்னர் குல்பர்கா என்றும் இன்று கலபுரகி என்றும் வழங்கும் நகரில் அன்னாரின் அடக்கத்தலம் உள்ளது. சையித் முகம்மது ஹுஸைனி என்னும் இயற்பெயருடைய அவர்கள் 1321 ஜூலை 30இல் தில்லியில் பிறந்து, 1422 நவம்பர் 1இல் குல்பர்காவில் மறைந்தார்கள். சூரியக் கணக்கில் 101 ஆண்டுகள். ஹிஜ்ரிக் கணக்கில் 104 ஆண்டுகள்.

அன்னார் பிறந்தபோது துக்ளக் மரபு அரியணை ஏறி ஓராண்டே ஆகியிருந்தது. 1327இல் முகம்மது பின் துக்ளக் தலைநகரைத் தௌலதாபாதுக்கு மாற்றியபோது, தில்லியின் அறிஞர் குடும்பங்களும் தெற்கு நோக்கிப் பெயர்ந்தன. அக்கூட்டத்தில் பெற்றோரின் கைபற்றிச் சென்ற சிறுவர்களுள் அவரும் ஒருவர். தந்தையார் அங்கேயே மறைந்து, அருகிலுள்ள குல்தாபாதில் அடக்கமானார். 1335இல் அன்னையாருடன் தில்லிக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 14.

அக்காலத்தை ஒட்டியே தமிழ் மண்ணில் மதுரையை ஆண்ட ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா, தில்லியின் பிடியினின்று விலகித் தனியரசு நிறுவினார். அவ்வரசு விஜயநகரப் படையெடுப்பால் மறைந்தபோது கேசுதராஸ் அவர்கள் ஐம்பதுகளில் இருந்தார்கள். 1336இல் விஜயநகரமும் 1347இல் பாமினி அரசும் தோன்றியவை. அவை இரண்டும் அவரினும் இளையவை. அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்த பேரறிஞர் இப்னு கல்தூன் 1332இல் பிறந்து 1406இல் மறைந்தார். அவ்வறிஞரின் முழுவாழ்வும் இப்பெரியாரின் ஆயுளுக்குள் அடங்கிவிடுகிறது என்பதை எண்ணும்போது நாம் வியப்புறுகிறோம்.

தில்லியில் அன்னார், நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் சீடரும் தில்லியின் விளக்கு எனப் போற்றப்பெற்றவருமான நஸீருத்தீன் மஹ்மூத் (ரஹ்) அவர்களிடம் மாணவராக அமர்ந்தார்கள். நீண்ட கூந்தலுடையவர் என்னும் பொருள்படும் கேசுதராஸ் என்ற பெயர் அந்நாளில் அமைந்ததாகச் சரிதைகள் கூறும். ஆசிரியரின் பல்லக்கைச் சுமந்தபோது தம் கூந்தல் அதில் சிக்கிக்கொண்டதாம். ஆசிரியருக்கு இடையூறு நேருமோ என அஞ்சி, வலியைப் பொறுத்து நெடுந்தொலைவு நடந்தாராம். கல்வியில் பணிவுக்குரிய இடத்தை இதனினும் நன்கு உணர்த்தும் நிகழ்ச்சி அரிது. 1356இல் ஆசிரியர் மறைந்தபின், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தில்லியில் தாமே ஆசிரியராக விளங்கினார்கள்.

1398 டிசம்பரில் தைமூரின் படை தில்லியைச் சூறையாடியது. வாழ்நாளெல்லாம் பழகிய நகரை விட்டுக் கேசுதராஸ் அவர்கள் வெளியேறினார்கள். அப்போது அகவை 77. சிறுவராகச் சென்ற அதே தென்திசை நோக்கி, குவாலியர், குஜராத் வழியாக முதுமையில் மீண்டும் ஒரு பயணம். தந்தையார் அடக்கமான தௌலதாபாதுப் பகுதியை அடைந்து, பின் பாமினி மன்னர் பிரோஸ் ஷாவின் வரவேற்பை ஏற்றுக் குல்பர்கா சேர்ந்தார்கள்.

பலர் வாழ்வு முடிந்துவிட்டதென்று ஓய்ந்தமரும் வயதில் அன்னாரின் பெரும்பணி புதிய மண்ணில் தொடங்கிற்று. அரபியிலும் பாரசீகத்திலும் நூல்கள் யாத்தார்கள், பாடம் சொன்னார்கள், நாடி வந்த எளியோருக்கு ஆறுதலானார்கள். பந்தே நவாஸ், அதாவது அடியாரைப் பேணுபவர் என்னும் பெயர் நிலைத்தது. ஆயினும் அரசரின் அன்பு நிலைக்கவில்லை. மக்கள் கூட்டம் பெருகியது கண்ட பிரோஸ் ஷா, கோட்டைக்கு அருகிலிருந்து விலகிக் குடியிருக்குமாறு பணித்ததாக வரலாற்றாசிரியர் பெரிஷ்தா எழுதுகிறார். பெரியார் விலகிச் சென்றார்கள்; மக்களும் அவரைப் பின்தொடர்ந்தனர். 1422இல் பிரோஸ் ஷா ஆட்சி இழக்க, அவருடைய தம்பி அகமது ஷா அரியணை ஏறினார். சில வாரங்களிலேயே பெரியார் மறைந்தார்கள். புதிய மன்னரின் ஆதரவில் அவர்தம் அடக்கத்தலத்தின்மீது குவிமாடம் எழுந்தது.

பின்னர் நிகழ்ந்ததே நாம் சிந்திக்கத் தக்கது. அகமது ஷா தலைநகரைப் பீதருக்கு மாற்றிக்கொண்டார். அரசவை போயிற்று, படை போயிற்று. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாமினி அரசே மறைந்தது. அந்த அடக்கத்தலமோ ஊரை விட்டு அகலவில்லை. ஆண்டுதோறும் துல்கஃதா மாதத்தில் நிகழும் உரூஸ் விழாவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். அன்னாரின் பெயரால் 2018இல் ஒரு பல்கலைக்கழகமும் அங்கே எழுந்தது.

எனினும் அடக்கத்தலம் ஒருவர் மறைந்த நாளைத்தான் நமக்குச் சொல்லும். வாழ்ந்த நாள்களைச் சொல்ல எழுத்து வேண்டும். கேசுதராஸ் அவர்களின் உரையாடல்களை அவருடைய மூத்த மகனார் சையித் அக்பர் ஹுஸைனி செவிமடுத்து, ஜவாமிஉல் கலிம் என்னும் தொகுப்பாகப் பதிந்து வைத்தார். அம்மகனார் தந்தைக்கு முன்னரே மறைந்துவிட்டார். முதியவர்தாமே, இன்னொரு நாள் கேட்போம், எழுதுவோம் என்று அவர் காலம் தாழ்த்தியிருந்தால், அச்சொற்களுள் எத்தனை நமக்கு எட்டியிருக்கும்?

நம் ஊர்களிலும் தொண்ணூறைக் கடந்தோரும் நூறை எட்டுவோரும் உள்ளனர். கடல் கொண்ட கரைகளையும், கைவிட்டுப்போன தொழில்களையும், கப்பலேறிச் சென்ற உறவினரையும் அவர்கள் நினைவில் தாங்கியிருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு குவிமாடம் எழப்போவதில்லை. மையவாடியின் மண்மேடு சில மழைக்காலங்களில் தரையோடு தரையாகிவிடும். தமிழ் பயிலும் மாணவர்கள் ஓர் ஏட்டுடன் அம்மூத்தோர் அருகே அமர்ந்து கேட்டு எழுதுவார்களாயின், அதுவே அவர்களுக்கு நாம் எழுப்பும் நினைவிடமாகும். அப்பணிக்கு எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக!