ராட்டினம் ஏறிய கரப்பான்பூச்சி

ரஷ்யாவில் 1857-ல் பிறந்தவர் சியோல்கோவ்ஸ்கி. 10 வயசு வாக்கில் கடும் காய்ச்சல் வந்து காது மந்தமாகிப் போச்சு. பள்ளிப் படிப்பு நின்றது. மாஸ்கோ நூலகத்தில் உட்கார்ந்து தானாகவே படித்தார்.

பூமியை விட்டு வேகமாகக் கிளம்பினால் உடம்பு பல மடங்கு கனக்குமே, உயிர் தாங்குமா? ராட்டினம் மாதிரி சுழலும் கருவி செய்தார். அது சுற்றச் சுற்ற உள்ளே இருப்பது அழுந்தும், எடை கூடும். சமையலறையில் பிடித்த கரப்பான்பூச்சியை ஏற்றினார். எடை 300 மடங்கு கூடியும் ஒன்றுமே ஆகல! கோழிக்குஞ்சு 10 மடங்கு தாங்கிச்சு. (பாவம், தலை சுத்தியிருக்கும்.)

பிறகு கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே, ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகலாம் என்று 1903-ல் கணக்குப் போட்டு எழுதினார். 1935-ல் இறந்தார். 1961-ல் விண்வெளிக்குப் போன யூரி ககாரினையும் முதலில் இப்படிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.