சிறகை அளந்தவர்

நுழையும்முன்

பறவையைக் கண்டு, தானும் பறக்கவேண்டும் என எண்ணாத மாந்தர் இலர். அவ்வெண்ணம் பன்னெடுங்காலம் கனவாகவும் கதையாகவும் மட்டுமே வாழ்ந்தது. அதனை அளவுகோலும் தராசும் கொண்டு அணுகினார் ஒரு பொறியாளர். இயந்திரம் ஏதுமின்றி, சிறகுகளை மட்டுமே துணையாகக்கொண்டு அவர் குன்றுகளிலிருந்து காற்றில் இறங்கினார். இன்று கிளைடர் என்னும் இயந்திரமில்லா வானூர்தியைச் செலுத்துவோர் அனைவரும் தம் முன்னோடியாகப் போற்றும் ஓட்டோ லிலியந்தாலின் வாழ்க்கை, துணிவும் பொறுமையும் இணைந்தால் அறிவியல் எவ்வாறு வளரும் என்பதைக் காட்டுகிறது.

நாரைகள் கற்பித்த பாடம்

செருமனியின் வடபகுதியில், பால்டிக் கடலுக்கு அண்மையில் அங்கிலாம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1848ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் ஓட்டோ லிலியந்தால் பிறந்தார். அடுத்த ஆண்டில் பிறந்த தம்பி குஸ்தாவ் அவருக்கு விளையாட்டுத் தோழராகவும் பின்னாளில் ஆய்வுத் துணைவராகவும் விளங்கினார். வணிகராக இருந்த தந்தை, ஓட்டோவின் இளமையிலேயே மறைந்தார். குடும்பப் பொறுப்பு முழுவதும் தாயின் தோள்களில் விழுந்தது.

ஊரைச் சூழ்ந்த புல்வெளிகளில் செங்கால் நாரைகள் இரைதேடும். அவை தரையிலிருந்து எழும்போது காற்றை எதிர்கொண்டே ஓடி எழுவதையும், எழுந்தபின் சிறகை அசைக்காமலே நெடுநேரம் மிதப்பதையும் சகோதரர் இருவரும் கூர்ந்து நோக்கினர். அசைவில்லாத சிறகு எவ்வாறு உடலைத் தாங்குகிறது என்னும் வினா அவர்கள் உள்ளத்தில் வேரூன்றியது. பள்ளிப் பருவத்திலேயே சிறகுகள் செய்து, கைகளில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிப்பார்த்தனர். அம்முயற்சி வெற்றி தரவில்லை. எனினும், வினா அவர்களைவிட்டு நீங்கவில்லை.

தொழிலும் தொண்டும்

போட்சுடாமில் தொழிற்கல்வி பயின்ற லிலியந்தால், பெர்லினில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சி பெற்று, அந்நகரின் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் பொறியியல் கற்றார். 1870ஆம் ஆண்டில் மூண்ட பிரெஞ்சு-பிரசியப் போரில் பங்கேற்றுத் திரும்பியபின், பொறியாளராகப் பணியாற்றினார். 1878ஆம் ஆண்டில் ஆக்னஸ் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு நான்கு குழந்தைகள் பிறந்தனர்.

பின்னர்ச் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கி, நீராவி இயந்திரங்களையும் கொதிகலன்களையும் உருவாக்கினார். வளைந்து செல்லும் குழாய்களைக் கொண்ட அவரது சிறிய கொதிகலன், வெடிக்கும் இடர் குறைந்தது. சிறுதொழில் செய்வோருக்குப் பெரிதும் பயன்பட்டது. ஆலையின் ஈட்டத்தில் நான்கில் ஒரு பங்கைத் தொழிலாளர்க்கு வழங்கும் முறையை 1890ஆம் ஆண்டில் அவர் நடைமுறைப்படுத்தினார். எளிய மக்களும் நாடகம் காணவேண்டும் என்னும் விழைவால் பெர்லின் நாடக அரங்கு ஒன்றின் நடத்துதலில் பங்கேற்றார்; தாமே நாடகமும் எழுதினார். வானை நோக்கிய அவருடைய கண்கள், மண்ணில் வாழும் மக்களை மறக்கவில்லை.

அளவையே அடிப்படை

அக்காலத்தில் வானில் செல்ல விரும்பியோர் பெரும்பாலும் காற்றைவிட இலேசான வளிக்கூண்டையே நம்பினர். காற்றைவிட எடைமிக்க ஒன்றில் மனிதன் பறப்பது இயலாது எனக் கருதிய அறிஞர் பலர் இருந்தனர். லிலியந்தால் அவர்களோடு சொற்போர் புரியவில்லை. மாறாக, அளக்கத் தொடங்கினார்.

சுழலும் நெடுங்கை ஒன்றின் முனைகளில் பலவகைச் சிறகு வடிவங்களைப் பொருத்தினார். இறங்கும் எடைகளால் அக்கையைச் சுழலச் செய்தார். சிறகைக் காற்று மேல்நோக்கித் தூக்கும் விசை எவ்வளவு, பின்னோக்கி இழுக்கும் விசை எவ்வளவு என்பதைச் சாய்கோணத்தை மாற்றி மாற்றிக் குறித்தார். திறந்த வெளியில் இயற்கைக் காற்றிலும் இவ்வாறே அளந்தார். இடைவெளிகளுடன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்பணி நடந்தது.

அதன் முடிவு தெளிவாக இருந்தது. தட்டையான பலகையைவிட, பறவையின் சிறகைப்போல் மேற்புறம் மெல்ல வளைந்த பரப்பே மிகுந்த தூக்குவிசையைத் தருகிறது. நாரையின் சிறகில் உள்ள வளைவு அழகுக்காக அமைந்ததன்று. அதுவே பறத்தலின் மறைபொருள். இம்முடிவுகளையும் அளவீட்டு அட்டவணையையும் வரைபடங்களையும் தொகுத்து, பறவையின் பறத்தலே பறக்கும் கலைக்கு அடிப்படை என்னும் பொருள்படும் தலைப்பில் 1889ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அந்நூல் வெளிவந்தபோது அதனை வாங்கியோர் சிலரே. எனினும், வானூர்தி வரலாற்றின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

குன்றும் காற்றும்

அளந்தறிந்தவர் அத்துடன் நிற்கவில்லை. பறத்தலைப் பறந்தே கற்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1891ஆம் ஆண்டில், தம் நாற்பத்து மூன்றாம் அகவையில், போட்சுடாமுக்கு அருகிலுள்ள டெர்விட்சில் முதன்முதலாகக் காற்றில் மிதந்தார். கடந்த தொலைவு ஏறத்தாழ 25 மீட்டர். இரண்டு ஆண்டுகளுக்குப்பின், ரீனோ குன்றுகளில் அத்தொலைவு 250 மீட்டராக வளர்ந்தது.

அவருடைய கிளைடர் வில்லோ மரக்கம்புகளாலும் பருத்தித் துணியாலும் ஆனது. அதன் எடை ஏறத்தாழ 20 கிலோ கிராம். சிறகுகளை மடக்கி எடுத்துச் செல்லலாம். முன்னங்கைகளைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டு, காற்றை எதிர்த்துச் சரிவில் சில அடிகள் ஓடுவார். சிறகின்மீது பாயும் காற்றின் விரைவு போதிய அளவை எட்டியதும் கால்கள் தரையைவிட்டு எழும். அதன்பின் உடலின் கீழ்ப்பகுதி காற்றில் தொங்கும். வலப்புறம் சாயும்போது கால்களை இடப்புறம் வீசுவார். முன்புறம் கவிழும்போது பின்னே சாய்வார். இவ்வாறு ஈர்ப்பு மையத்தை இடம்மாற்றிச் சமநிலை காப்பதே அவர் கையாண்ட முறையாகும். தரையை நெருங்கியதும் சிறகின் முன்விளிம்பை உயர்த்தி விரைவைக் குறைத்து, பறவையைப்போல் காலூன்றி நிற்பார்.

காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் அதனை எதிர்த்து இறங்க ஏற்ற குன்று பெர்லினுக்கு அருகில் இல்லை. எனவே 1894ஆம் ஆண்டில் லிக்டர்பெல்டே என்னுமிடத்தில், செங்கற்சூளைக் கழிவுமண்ணைக் குவித்து, 15 மீட்டர் உயரமுள்ள கூம்பு வடிவக் குன்று ஒன்றை எழுப்பச் செய்தார். குன்றின் உச்சியில் கிளைடர்களைப் பாதுகாக்கும் அறையும் அமைந்தது. விடுமுறை நாள்களில் அவர் பறப்பதைக் காண மக்கள் திரண்டனர். ஒளிப்படக் கலைஞர்கள் எடுத்த படங்கள் பல நாட்டு இதழ்களில் வெளிவந்தன. மனிதன் காற்றில் நிற்பதை உலகம் முதன்முறையாகப் படத்தில் கண்டது. நம்பமறுத்தோரின் ஐயத்தை நீக்க அப்படங்களே போதுமானவையாக இருந்தன.

தெரிந்து தெளிவோம்

ஒரே வடிவில் பல கிளைடர்களைச் செய்து விற்பனை செய்தவர் லிலியந்தால். 1894ஆம் ஆண்டில் அவர் வடிவமைத்த கிளைடரே உலகில் தொடர் உற்பத்தியாகத் தயாரிக்கப்பட்ட முதல் வானூர்தி எனப்படுகிறது. உருசிய அறிஞர் சுகோவ்ஸ்கி, ஆங்கிலேயப் பொறியாளர் பெர்சி பில்ச்சர் முதலியோர் அவரிடம் கிளைடர் பெற்றனர். அக்கிளைடரின் படியொன்றை 2016ஆம் ஆண்டில் செருமானிய விண்வெளி மையத்தினர் காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்து, அது நிலைப்புத்தன்மை கொண்ட வடிவமைப்பே எனக் கண்டறிந்தனர்.

இறுதிப் பயணம்

லிலியந்தால் இடரை அறியாதவர் அல்லர். 1894ஆம் ஆண்டில் கிளைடர் தலைகீழாக விழுந்தபோது, முன்புறம் பொருத்தியிருந்த வளையும் தன்மையுள்ள வில்லோ வளையமே அதிர்ச்சியைத் தாங்கி அவர் உயிரைக் காத்தது. உடலை அசைத்துச் சமநிலை காக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. கிளைடர் பெரிதாயின் உடலின் அசைவு போதாது. திடீரென வீசும் காற்றுக்கு மனித உடல் உடனே ஈடுகொடுக்க இயலாது. இக்குறையைப் போக்க அவர் வெவ்வேறு வழிகளை ஆராய்ந்தார். ஈரடுக்குச் சிறகுகள் அமைத்தார். சிறகுநுனிகளை அசைக்கும் சிறு இயந்திரத்தையும் உருவாக்க முயன்றார். பறவையைப்போல் சிறகடித்தே முன்செல்ல இயலும் என்னும் அவரது எண்ணம் பிற்காலத்தில் பயன்தரவில்லை. பேரறிஞரும் ஒரு திசையில் வழிதவறக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1896ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோல்னுக்கு அருகிலுள்ள கோலன்பெர்க் குன்றிலிருந்து லிலியந்தால் இறங்கினார். உதவியாளர் பால் பைலிக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவானில் வீசிய காற்று கிளைடரை முன்செல்லவிடாது நிறுத்தியது. முன்பகுதி மேல்நோக்கி எழுந்தது, விரைவு குன்றியது, சிறகு தன் தூக்குவிசையை இழந்தது. கால்களை முன்னே வீசிச் சமநிலையை மீட்க அவர் செய்த முயற்சி பயனளிக்கவில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து கிளைடர் வீழ்ந்தது. கழுத்தெலும்பு முறிந்த நிலையில் பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், மறுநாள் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு அகவை 48. மனைவியும் நான்கு குழந்தைகளும் அவரை இழந்து தவித்தனர். அறிவியலின் வெற்றிகளைப் போற்றும் நாம், அவ்வெற்றிக்கு அந்த இல்லம் அளித்த விலையையும் நினைவில் கொள்ளவேண்டும்.

விட்டுச்சென்ற செல்வம்

அவரது மறைவுச் செய்தி கடல்கடந்து அமெரிக்காவை எட்டியது. டேட்டன் நகரில் மிதிவண்டித் தொழில் நடத்திவந்த ரைட் சகோதரர்களின் உள்ளத்தில் பறத்தல் பற்றிய ஆர்வத்தை அச்செய்தி மீண்டும் கிளர்ந்தெழச் செய்தது. லிலியந்தாலின் முயற்சிகளை அவர்கள் ஆழ்ந்து ஆராய்ந்தனர். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்தவர், உண்மையில் காற்றில் கழித்த நேரம் மொத்தம் ஐந்து மணியளவே என வில்பர் ரைட் கணித்தார். அவ்வளவு குறுகிய பயிற்சியுடன் காற்றின் மாற்றங்களை ஒருவர் வெல்வது அரிது. எனவே நெடுநேரம் பறந்து பழகவேண்டும், உடலசைவை நம்பாமல் சிறகையே கட்டுப்படுத்தவேண்டும் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். முன்னோடியின் வீழ்ச்சியே அவர்களுக்குப் பாடமாயிற்று.

தொடக்கத்தில் அவருடைய அட்டவணையைக் கொண்டு செய்த கிளைடர்கள் எதிர்பார்த்த தூக்குவிசையைத் தரவில்லை. ஆகவே அவ்வட்டவணை பிழையானதோ என ரைட் சகோதரர்கள் ஐயுற்றனர். 1901ஆம் ஆண்டில் தாமே காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. காற்றழுத்தத்தைக் கணக்கிட நெடுங்காலமாக எல்லாரும் கையாண்டுவந்த எண்ணில்தான் பெரும்பிழை இருந்தது. லிலியந்தால் தம் சிறகுக்கெனத் தந்த அளவீடுகள் பெரிதும் சரியானவையே. மறைந்த மனிதரின் நேர்மையான உழைப்புக்குக் காலம் அளித்த நற்சான்று அது. 1903ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 17ஆம் நாள் ரைட் சகோதரர்களின் இயந்திர வானூர்தி எழுந்தபோது, அதன் சிறகிலும் மெல்லிய வளைவு இருந்தது.

லிக்டர்பெல்டே குன்று இன்று நினைவிடமாகத் திகழ்கிறது. அங்கிலாமில் அவர் பெயரால் அருங்காட்சியகம் உள்ளது. கிளைடர் துறையில் சிறந்தோர்க்குப் பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு லிலியந்தால் பதக்கம் வழங்குகிறது. அவர் வீழ்ந்த குன்றின் அடிவாரத்தில் 1989ஆம் ஆண்டில் பெரிய பயணியர் வானூர்தி ஒன்று புல்தரையில் இறக்கப்பட்டு, நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர், அவருடைய மனைவியின் நினைவாக, ஆக்னஸ் சீமாட்டி என்பதாகும்.

இயந்திர ஒலியின்றி, காற்றை மட்டுமே நம்பி வானில் வட்டமிடும் கிளைடர் ஒவ்வொன்றும் அங்கிலாமின் புல்வெளி நாரைகளை நினைவூட்டுகிறது. வியந்து நோக்கியதோடு நில்லாமல் அளந்து அறிந்தவர். அறிந்ததோடு அமையாமல் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தியவர் லிலியந்தால். அவர் முடிக்காது விட்ட பணியைப் பின்வந்தோர் முடித்தனர். ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றொருவர் தொடங்குவதே அறிவின் பயணம்.

கற்பவை கற்றபின்

1. தட்டையான பரப்புக்கும் வளைந்த பரப்புக்கும் இடையே லிலியந்தால் கண்டறிந்த வேறுபாடு யாது?
2. செயற்கைக் குன்றை அமைக்கவேண்டிய தேவை லிலியந்தாலுக்கு ஏன் ஏற்பட்டது?
3. லிலியந்தாலின் வெற்றியும் வீழ்ச்சியும் ரைட் சகோதரர்களுக்கு எவ்வாறு வழிகாட்டின என்பதை விளக்குக.
4. காகிதத்தால் தட்டையான சிறகும் வளைந்த சிறகும் செய்து, காற்றில் அவை எழும் தன்மையை ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.