துன் ரசாக்: ஆயுதத்தை ஆண்ட கோப்பு

2004ஆம் ஆண்டில் தேசியச் சேவைப் பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன் என்று தெரிந்ததும் அம்மா கலங்கிப் போனார். அந்தப் பயிற்சி தற்காப்பு அமைச்சின் பொறுப்பில் நடந்தது. அமைச்சின் பெயரைப் பார்த்தவுடன், பிள்ளையைப் பட்டாளத்துக்கே அழைத்துப் போகிறார்கள் என்று எண்ணிவிட்டார். தாத்தாதான் அவரைத் தேற்றினார். அவசரகாலத்தில் முள்வேலி போட்ட தோட்டத்தில் வாழ்ந்தவர் அவர். ஆயுதம் வைத்திருப்பவன் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவன் என்பதை மட்டும் பார், மற்றதற்கெல்லாம் பயப்படாதே என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதப் பயிற்சி முடிந்தது. தாத்தாவின் சொல் மட்டும் மனத்தில் நின்றுவிட்டது. பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் நம் தற்காப்பு அமைச்சின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அந்தச் சொல்லுக்கு விளக்கமாக ஒரு மனிதரின் வாழ்க்கையே கிடைத்தது. அவர் துன் அப்துல் ரசாக். நாட்டின் இரண்டாவது பிரதமர் என்றும் கல்வி அறிக்கை தந்தவர் என்றும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சுதந்திர மலாயாவின் தற்காப்பு அமைச்சராகப் பத்தாண்டுக்கும் மேல் இருந்தவர் என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

1922ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பகாங் மாநிலத்தில் பெக்கானுக்கு அருகிலுள்ள பூலாவ் கெலாடியில் அவர் பிறந்தார். தந்தை பகாங்கின் பெருங்குடித் தலைவர்களுள் ஒருவர். கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் படித்த அவர், பின்னர் சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். ஜப்பானியப் படையெடுப்பு படிப்பை நிறுத்தியது. பகலில் ஜப்பானிய நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்துகொண்டே, வத்தானியா என்னும் எதிர்ப்புப் படைக்கு இரகசியமாக உழைத்தார். ஆயுதமும் அலுவலகமும் அவர் வாழ்வில் ஒன்றாக நுழைந்த காலம் அது.

போருக்குப் பின் 1947இல் இங்கிலாந்து சென்று லிங்கன்ஸ் இன்னில் சட்டம் பயின்றார். 1950இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றுத் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டே அம்னோவின் துணைத் தலைவரானார். 1955இல் பகாங் மந்திரி பெசார், பின்பு கல்வி அமைச்சர். 1956இல் அவர் தலைமையில் வெளிவந்த அறிக்கை, பொதுவான பாடத்திட்டத்தோடு தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளுக்கும் தேசியக் கல்வி முறையில் இடமளித்தது. தமிழ்ப்பள்ளி வாசலைத் தாண்டி வந்த நமக்கு அவர் அந்நியர் அல்லர்.

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது துணைப் பிரதமர் பொறுப்பும் தற்காப்பு அமைச்சும் அவரிடம் வந்தன. அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காடுகளில் கம்யூனிஸ்டுப் போராளிகளுடனான சண்டை ஓயவில்லை. ஆகாயப் படை என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை. கடற்படை பிரிட்டிஷார் கையில் இருந்தது. உயர்ந்த தளபதிகளும் அவர்களே. அந்த அக்டோபரில் பிரிட்டனுடன் தற்காப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நிழலில் நின்றபடியே சொந்தப் படைகளை வளர்க்க வேண்டியிருந்தது.

1958இல் ஆகாயப் படை பிறந்தது. அதே ஆண்டு கடற்படை மலாயாவின் பொறுப்புக்கு வந்தது; அதன் தளமோ சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அதே ஆண்டில் நம் வீரர்கள் ஐக்கிய நாடுகள் சபையின் கொடியின்கீழ் கொங்கோவுக்குச் சென்றனர். 1964இல் ஆயுதப் படைகளின் தலைமை முதன்முறையாக உள்நாட்டவரான துங்கு ஒஸ்மானிடம் வந்தது. 1967 டிசம்பரில் கடற்படைத் தலைமை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. நம் தமிழர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்த செய்தியைப் படித்த அன்று, அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

அமைச்சின் அமைப்பைப் படித்தபோதுதான் தாத்தாவின் பேச்சு எனக்கு முழுதாக விளங்கியது. அமைச்சருக்குக் கீழே இரண்டு கிளைகள் உள்ளன. ஒன்று தலைமைச் செயலாளரின்கீழ் இயங்கும் பொதுச் சேவை அதிகாரிகள். பணம், கொள்முதல், கொள்கை ஆகியவை அவர்கள் கையில். மற்றொன்று ஆயுதப் படைத் தளபதியின்கீழ் உள்ள மூன்று படைகள். உச்சத் தளபதி மாமன்னர். அரசியலமைப்பின் 137ஆவது பிரிவு ஆயுதப் படை மன்றம் ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. படைகளின் கட்டொழுங்கும் நிர்வாகமும் அதன் பொறுப்பு. அதன் தலைவர் தற்காப்பு அமைச்சர். செயலாளர் அமைச்சின் தலைமைச் செயலாளர். தளபதிகள் உறுப்பினராக அமர்வார்கள். துப்பாக்கி ஏந்தியவர் கோப்பு ஏந்தியவருக்குக் கணக்குக் காட்டுகிறார். அமைச்சரோ நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிறார். வள்ளுவர் படைக்கு அதிகாரம் வகுத்தபோது அதைப் பொருட்பாலில், அரசின் உறுப்பாகவே வைத்தார் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

அவசரகாலத்தில் இராணுவம் பயன்படுத்திய நடவடிக்கை அறை முறையை ரசாக் கிராம மேம்பாட்டுக்கும் கொண்டு வந்தார். சுவரெங்கும் வரைபடங்கள், மாவட்டம்தோறும் ஒரு சிவப்புப் புத்தகம். எந்தச் சாலை முடிந்தது, எந்தப் பாலம் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துக் கேட்பார். இந்தோனேசியாவுடன் 1963இல் மூண்ட மோதலில் எல்லையைக் காத்தவரும், 1966 ஆகஸ்டு 11ஆம் நாள் ஜகார்த்தாவில் ஆடம் மாலிக்குடன் அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டவரும் அவரே.

பெரிய சோதனை 1969 மே 13இல் வந்தது. கலவரம் வெடித்தது, நாடாளுமன்றம் முடங்கியது. தேசிய நடவடிக்கை மன்றம் அமைக்கப்பட்டு, அதன் இயக்குநராக ரசாக் நியமிக்கப்பட்டார். துன் சம்பந்தனும் அதில் உறுப்பினர். படை, போலீஸ், நிர்வாகம் மூன்றும் ஒரே மனிதரின் பிடியில் இருந்தன. அந்த நாள்களில் ஊரடங்கு நேரத்தை அறிய வானொலியின் பக்கத்திலேயே குடும்பம் கிடந்ததைத் தாத்தா சொல்லியிருக்கிறார். இப்படிக் கிடைத்த அதிகாரத்தைத் திருப்பித் தராத தலைவர்கள் பலரை உலகம் கண்டிருக்கிறது.

ரசாக் திருப்பித் தந்தார். அது அவருக்குப் புதிதும் அன்று. 1959இல் துங்கு தேர்தல் பணிக்காக விலகி நின்றபோது நான்கு மாதம் பிரதமராக இருந்துவிட்டு, தேர்தல் முடிந்ததும் பதவியை அவரிடமே ஒப்படைத்தவர் அவர். 1970 செப்டம்பரில் அவரே பிரதமரானார். 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. நடவடிக்கை மன்றத்தின் ஆட்சி முடிவுக்கு வந்தது. பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளும் அதனோடு வந்தன என்பதை மறைக்கக் கூடாது. அவற்றைப் பற்றி இன்றும் நாம் வாதிடுகிறோம். வாதிட ஓர் அவை இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரத்தப் புற்றுநோயை வெளியே சொல்லாமல் உழைத்த அவர், 1976 ஜனவரி 14ஆம் நாள் இலண்டனில் காலமானார். வயது 53. தேசியப் பள்ளிவாசல் வளாகத்திலுள்ள வீரர் கல்லறையில் அடக்கமானார்.

தாத்தா இன்று இல்லை. தற்காப்பு அமைச்சு நம்மவருக்கு உரிய இடமன்று என்று தம்பி, தங்கைகள் சொல்லும்போது, அன்று அவர் எனக்குச் சொல்லி அனுப்பியதையும் தனபாலசிங்கத்தின் பெயரையும் அவர்களிடம் சொல்கிறேன். அந்த அமைச்சின் கோப்புகளையும் நம் பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும். ஆயுதத்திடம் கணக்குக் கேட்கும் இடம் அது.