எண்களைத் தேடிய துறவி

அறிஞர்களில் இரு வகையினர் உண்டு. தாமே சுடராய் ஒளிர்பவர் ஒரு வகையினர். பிற விளக்குகளையும் ஏற்றி வைப்பவர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினருள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டுத் துறவியான அருட்தந்தை மரேன் மெர்சென் ஆவார்.

இவர் 1588ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், நம் அன்னை மரியாளின் பிறந்த நாளன்று, உவாசே என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். லா ஃப்ளேஷ் நகரில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியிலும், பின்னர்ப் பாரிஸ் மாநகரிலும் கல்வி பயின்றார். 1611இல் மினிம் சபையில் சேர்ந்தார். மினிம் என்றால் மிகச் சிறியோர் என்பது பொருள். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை அறவே விலக்கி வாழும் கடுமையான சபை அது. குருப்பட்டம் பெற்ற பின் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1619 முதல் பாரிஸிலிருந்த மடத்திலேயே பெரும்பாலும் வாழ்ந்தார்.

அக்காலத்தில் அறிவியல் இதழ்கள் இல்லை. முதல் இதழ்கள் 1665இல்தான் தோன்றின. அக்குறையை இத்துறவியின் கடிதங்கள் போக்கின. தெக்கார்த், ஃபெர்மா போன்ற மேதைகள் தம் கண்டுபிடிப்புகளை இவருக்கு எழுதுவர். இவர் அவற்றைப் பிறருக்கு அறிவிப்பார். புதிய வினாக்களையும் எழுப்புவார். கலிலேயோவின் இயந்திரவியல் நூலை 1634இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். இசைக் கருவியின் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பதை ஆராய்ந்து 1636இல் பெருநூல் ஒன்றும் இயற்றினார்.

எனினும், இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது எண்களால்தான். 2ஐ 2 முறை எழுதிப் பெருக்கி 1ஐக் கழித்தால் 3 கிடைக்கும். 3 முறை எழுதிப் பெருக்கிக் கழித்தால் 7. 5 முறை என்றால் 31. 7 முறை என்றால் 127. இவை யாவும் பகா எண்கள். 2, 3, 5, 7 என்பனவும் பகா எண்களே. ஆகவே, எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும் இவ்வாறே பகா எண் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். அடுத்த பகா எண்ணாகிய 11 அந்த எண்ணத்தைத் தகர்த்து விடுகிறது. அதற்குக் கிடைக்கும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கி வரும் எண்ணாகும். பகா எண்களின் வரிசை 2, 3, 5, 7, 11, 13 எனச் செல்கிறது. மெர்சென் தேடிய வரிசையோ 2, 3, 5, 7, 13, 17 எனச் செல்கிறது. நான்கு எண்கள் வரை ஒன்றாக நடந்த இரு வரிசைகள் ஐந்தாம் எண்ணில் பிரிந்து விடுகின்றன!

1644இல் மெர்சென் 257 வரைக்குமான தம் பட்டியலை வெளியிட்டார். எவ்வாறு கண்டார் என்பதை அவர் விளக்கவில்லை. அவற்றுள் பல அக்காலத்தில் கைக்கணக்கால் சோதிப்பதற்கு மிக அரிய பேரெண்கள். பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன. 67, 257 ஆகிய இரண்டும் தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டன. 67க்குரிய 21 இலக்க எண்ணின் இரு காரணிகளை 1903இல்தான் அமெரிக்கப் பேராசிரியர் கோல் கண்டறிந்தார். பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட 1947 வரை ஆயிற்று. அதாவது ஓர் ஏழைத் துறவியின் பட்டியல் மூன்று நூற்றாண்டுகள் கணித மேதைகளை வேலை வாங்கியது! 2024இல் கண்டறியப்பட்ட, 4 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட பகா எண்ணும் மெர்சென் எண் என்றே அழைக்கப்படுகிறது.

1648 செப்டம்பர் 1ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். தம் உடலை அறுத்து நோயின் காரணத்தை ஆராயுமாறு முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். அவரது சிற்றறையில் 78 பேர் எழுதிய கடிதங்கள் கிடைத்தன.

அன்புத் தோழியரே! முதல் நான்கு எண்களைக் கண்டவுடன் விதியை அறிந்து விட்டதாக நினைப்பது எளிது. ஐந்தாவதையும் சோதித்துப் பார்ப்பதே கணிதம். ஐந்து பிழைகள் இருந்தும் அருட்தந்தை மெர்சென் பெயரை உலகம் மறக்கவில்லை. தாம் அறிந்ததைத் தம் அறைக்குள் பூட்டி வைக்காமல், பிறர் சோதிப்பதற்காக உலகின் முன் வைத்தார் அன்றோ!